எண்பத்திரண்டு கோடிச் சொச்சம்

செக்கர் அக்காவுக்குச் சம்பளமே சந்தேகப்படுவதற்குத்தான். ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் கடைசி மேஜை அவளுடையது. தைத்து முடித்த சட்டைகள் கட்டுக்கட்டாக அங்கே வந்து விழும். ஒவ்வொன்றையும் உள்பக்கம் வெளிப்பக்கமாகத் திருப்பி, தோள் தையலை இரண்டு கையாலும் இழுத்துப் பார்த்து, காலரைக் குழல்விளக்குக்கு நேரே பிடித்து, எங்கேயாவது ஒரு தையல் தாவியிருந்தால் சிவப்பு ஸ்டிக்கரை ஒட்டித் திருப்பி அனுப்புவாள். இருபத்திரண்டு வருஷமாக இதே வேலை. எதை எடுத்தாலும் புரட்டிப் பார்க்கிற குணம் கையோடு ஒட்டிக்கொண்டு வீட்டுக்கும் வந்துவிட்டது. பால் பாக்கெட்டைக்கூட இரண்டு தரம் அமுக்கிப் பார்த்துத்தான் வாங்குவாள்.

அப்படிப்பட்டவளுக்கு, கட்டிய புருஷன் வாரத்தில் இரண்டு சாயங்காலம் எங்கே போகிறார் என்பது இரண்டு வருஷமாகத் தெரியாமல் இருந்தது. இதை அவளால் கடைசிவரை ஜீரணிக்க முடியவில்லை.

காரணம் ஷிப்டுதான். மதிய ஷிப்டு முடிந்து அவள் வீடு வர எட்டரை ஆகும். வரும்போது அவர் கைலியைக் கட்டிக்கொண்டு வானொலி கேட்டுக்கொண்டிருப்பார். ஆறு மணிக்கே வந்திருப்பார் என்று இவளாகவே நினைத்துக்கொண்டாள். அவருக்கு வண்டிகளின் நம்பர் பிளேட் செய்கிற கடை. ஐந்தரைக்கு ஷட்டரை இறக்கிவிடுவார். பிறகு தொழிற்சாலையில் இவளைக் காலை ஷிப்டுக்கு மாற்றினார்கள். நாலரைக்கு வீட்டில் இருந்தாள். திங்கட்கிழமை அவர் ஆறுக்கு வந்தார். செவ்வாய்க்கிழமை ஏழே முக்கால்.

"ஏன் இவ்வளவு நேரம்?"

"கடையில அவசர ஆர்டர்."

புதன், வியாழன் ஆறு மணி. வெள்ளி மறுபடியும் ஏழே முக்கால். அடுத்த செவ்வாய் அவள் பை ஒன்றை எடுத்துக்கொண்டு, சாமான் வாங்கப் போகிறவள் மாதிரி கடைப்பக்கம் நடந்தாள். ஆறு மணிக்கு ஷட்டர் இறங்கியிருந்தது. பூட்டைத் தொட்டுப் பார்த்தாள். ஆள் இல்லாத கடையில் அவசர ஆர்டர் யார் செய்கிறார்கள்?

அன்றிரவு சாப்பிடும்போது அவருடைய விரல்களைக் கவனித்தாள். பெயின்ட் கறை எப்போதும் இருக்கும், அது தொழில். ஆனால் நடுவிரல் ஓரத்தில் இருந்தது பேனா மை. நம்பர் பிளேட் செய்கிறவருக்குப் பேனாவோடு என்ன வேலை? போன மாதம் கண்ணாடி மாற்றியிருந்தார். கேட்டதற்கு, "சின்ன எழுத்து தெரியல" என்றார். அவர் வெட்டுகிற எழுத்தெல்லாம் உள்ளங்கை அகலம்.

சட்டையைத் துவைக்க எடுத்தபோது பையில் ஒரு துண்டுச்சீட்டு கிடைத்தது. அதில் ஒரே ஓர் எண். 829348951.

தங்கச்சியைக் கூப்பிட்டுக் காட்டினாள். இரண்டு தெரு தள்ளி இருக்கிறவள், இப்படி ஒரு சேதி என்றால் செருப்பைக்கூட மாட்டாமல் ஓடி வருவாள்.

"இது போன் நம்பர்தான் அக்கா. சந்தேகமே வேணாம்."

"ஒரு எண் குறையுதேடி."

"வேணும்னே கடைசி எண்ணை விட்டிருப்பார். மாட்டிக்கக் கூடாதுன்னு. மாமா பார்க்கத்தான் சாது."

இரண்டு பேருமாக உட்கார்ந்து, கடைசியில் சைபரில் தொடங்கி ஒன்பதுவரை ஒவ்வொன்றாகச் சேர்த்து அடித்துப் பார்த்தார்கள். ஆறு எண்கள் உபயோகத்தில் இல்லை. ஒன்று சிமெண்ட் கடை. ஒன்றில் ஒரு குழந்தை எடுத்து விடாமல் சிரித்தது. ஒன்றில் ஒரு பெரியவர், யார் என்றுகூடக் கேட்காமல் தன் முழங்கால் வலியைப் பற்றிக் கால் மணி நேரம் பேசினார். பத்தாவதை ஒரு பெண் எடுத்தாள். தங்கச்சி போனைப் பிடுங்கி, "உங்களுக்கு நம்பர் பிளேட் செய்யறவர் யாரையாவது தெரியுமா?" என்றாள். "எங்ககிட்ட வண்டியே இல்லையே" என்றது அந்தக் குரல். அதில் பொய் இருப்பதாகத் தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை அவரைப் பின்தொடர்ந்தாள்.

அவர் ஷட்டரை இறக்கினார், கையைத் துடைத்தார், ஸ்டேஷனரி கடையில் ஒரு நோட்டு வாங்கினார். பிறகு மருந்தகம் இருக்கிற பழைய கட்டடத்துக்குள் நுழைந்து படியேறினார். முன்பு போர்டு எழுதப் போன இடத்தில் சாரம் சரிந்து விழுந்ததிலிருந்து அவருக்கு வலது முட்டி மடங்காது. வீட்டில் ஒரு ஸ்டூலில் ஏறச் சொன்னால் ஆயிரம் சாக்குச் சொல்கிறவர், அங்கே கைப்பிடியைப் பிடித்து நின்று நின்று மூன்று மாடி ஏறினார். அதைப் பார்த்தபோதுதான் அவளுக்கு வயிறு எரிந்தது. மாடிக் கதவுக்கு வெளியே ஒரு ஜோடிப் பெண் செருப்பு. பக்கத்தில் அவருடையதைக் கழற்றி ஒழுங்காக ஜோடி சேர்த்து வைத்தார். வீட்டில் ஒன்று வாசலிலும் மற்றொன்று கட்டிலுக்கு அடியிலும் கிடக்கும்.

பத்து நிமிஷம் படியிலேயே நின்றாள். பிறகு கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள்.

ஒரு பெரிய மேஜை. இந்தப் பக்கம் அவர், அந்தப் பக்கம் நரைத்த தலையைக் குட்டையாக வெட்டிக்கொண்ட ஒரு பெண்மணி. அவருடைய வயதுதான் இருக்கும். இருவர் முன்னாலும் நோட்டு. இரண்டு பேரும் தலைகுனிந்து கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார்கள். அறையில் பேனா உரசும் சத்தம் தவிர வேறு சத்தமே இல்லை.

அவர் நிமிர்ந்தார். முகம் வெளுத்துவிட்டது. "நீயா?" என்றார்.

"நானேதான். என்ன நடக்குது இங்க?"

"வகுத்தல்" என்றார் அவர்.

சொன்னது உண்மை. அவர் கடையில் உலோகத்தகட்டில் எழுத்தை அமுக்குகிற பிரஸ் ஒன்று இருக்கிறது. அதன் நெற்றியில் பித்தளையில் பொறித்த தொடர் எண் 829348951. பதினைந்து வருஷமாக அதன் முன்னால் நின்று வேலை செய்கிறவர், ஆர்டர் இல்லாத ஒரு மதியம் அதை எதனால் வகுக்கலாம் என்று பார்த்திருக்கிறார். ஒற்றைப்படை, ஆகவே இரண்டு போகாது. இலக்கங்களைக் கூட்டினால் நாற்பத்தொன்பது, ஆகவே மூன்று போகாது. ஐந்து போகாது. ஏழால் வகுத்தால் நாலு மீதி. பதினொன்றும் போகவில்லை, பதினேழும் போகவில்லை. சுவரில் சாக்பீஸால் போட்டு வைத்திருந்த இந்தக் கணக்கை, வீட்டுக் கதவு எண் எழுதிக்கொள்ள வந்த இந்த அம்மாள் பார்த்துவிட்டு, "பதின்மூணை விட்டுட்டீங்களே" என்றிருக்கிறார். தொடங்கியது அங்கேதான்.

அந்த அம்மாள் வானிலை ஆபீசில் முப்பது வருஷம் கணக்குப் போட்டவர். காற்றழுத்தம், ஈரப்பதம், எல்லாம் கையால். பிறகு மெஷின் வந்தது, இவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். கட்டடத்தில் எல்லோரும் வானிலை அம்மா என்றுதான் கூப்பிடுகிறார்கள்.

"எதாலயும் வகுபடலன்னா அது பகா எண். தன்னாலயும் ஒண்ணாலயும் மட்டும்தான் வகுபடும்" என்று கணவர் அவளுக்கு விளக்கினார். பயத்தில் வழக்கத்தைவிட வேகமாகப் பேசினார். "அதைக் கண்டுபிடிக்க எல்லா எண்ணாலயும் வகுக்க வேணாம். பகா எண்களால மட்டும் வகுத்தாப் போதும். அதுவும் அதோட வர்க்கமூலம் 28,798 வரைக்கும் போனாப் போதும். பெரிய எண் ஒண்ணு இதை வகுத்தா, கூடவே அதோட சின்ன ஜோடியும் வகுத்தாகணும் இல்லையா? அப்படிப் பார்த்தா மூவாயிரத்துச் சொச்சம் வகுத்தல். நோட்டுக்கு நூறு. ஒத்தை நோட்டெல்லாம் எனக்கு, ரெட்டை நோட்டெல்லாம் அம்மாவுக்கு. இப்ப இருபத்தஞ்சாவது நோட்டு."

"கால்குலேட்டர்ல தட்டினா?"

"தட்டலாம். அப்ப அது மெஷினுக்குத்தான் தெரியும். எனக்குத் தெரிஞ்ச மாதிரி ஆகுமா?"

"என்கிட்ட ஏன் சொல்லல?"

அவர் பேனாவை மூடினார், திறந்தார். "நீ சிரிப்பேன்னு நினைச்சேன்."

அவள் சிரிக்கவில்லை. நம்பவும் இல்லை. இரண்டு வயதானவர்கள் இரண்டு வருஷமாக ஓர் அறையில் உட்கார்ந்து ஒரே எண்ணை வகுத்தார்கள் என்றால் எந்தப் பெண்தான் நம்புவாள்? தங்கச்சி கேட்டுவிட்டு, "இதைவிட நல்ல பொய் கிடைக்கலையாமா மாமாவுக்கு?" என்றாள். ஆகவே அடுத்த செவ்வாயிலிருந்து செக்கர் அக்காவும் மூன்று மாடி ஏறினாள். ஒரு நாற்காலியை மேஜையின் பக்கவாட்டில் போட்டுக்கொண்டு, இரண்டு பேரையும் கண்ணால் தைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.  தேநீர் இரண்டுக்குப் பதிலாக மூன்று வந்தது.

மூன்று வாரம் பார்த்தாள். பார்வை பரிமாற்றம் இல்லை, கை படவில்லை, தேவையில்லாத பேச்சு ஒன்றுகூட இல்லை. "அம்மா, சிவப்புப் பேனா." "இந்தாங்க." அவ்வளவுதான். அவளுக்கே கொஞ்சம் சலிப்புத் தட்டியது. சும்மா இருக்கும் கை எதையாவது புரட்டாமல் இருக்காதே. அலமாரியில் வரிசையாக நின்ற நோட்டுகளை எடுத்துப் பார்க்க ஆரம்பித்தாள்.

கணக்கு அவளுக்குப் பள்ளிக்கூடத்தோடு போயிற்று. ஆனால் ஒரு வேலை கையால் செய்யப்பட்டதா இல்லையா என்று சொல்ல அவளுக்குக் கணக்குத் தேவையில்லை. கணவருடைய நோட்டில் பக்கத்துக்குப் பக்கம் அடித்தல், திருத்தல், தேநீர்க் கறை, சலிப்பில் ஓரத்தில் போட்ட பூ. வானிலை அம்மாவின் நோட்டில் எழுத்து அழகாக இருந்தது. ஆனாலும் இரண்டு, நாலு, ஆறு, எட்டு என்று எல்லாவற்றிலும் அங்கங்கே ஓர் அடித்தல், ஒரு மறுகூட்டல் இருந்தது. பத்தாவது நோட்டிலும் இருந்தது. பன்னிரண்டாவதில் இல்லை.

முதல் பக்கத்திலிருந்து நூறாவது பக்கம்வரை ஓர் அடித்தல்கூட இல்லை. பதினாலிலும் இல்லை. பதினாறு, பதினெட்டு, இருபது, எல்லாமே சலவைக்குப் போய் வந்த மாதிரி சுத்தம்.

அவள் மேஜைக்கு இப்படிச் சட்டை வந்தால் உடனே தையல்காரியைக் கூப்பிடுவாள். களைத்த கை தவறும். தவறாத கை என்றால் வேலை செய்யாத கை.

வீட்டுக்கு நடக்கும்போது கணவரிடம் மெதுவாகக் கேட்டாள். "போட்ட வகுத்தல் சரியா தப்பான்னு எப்படித் தெரிஞ்சுக்குவீங்க?"

இவள் கணக்கில் அக்கறை காட்டுகிறாள் என்றதும் அவருக்குத் தலைகால் புரியவில்லை. நடைபாதையிலேயே நின்று, துண்டுச்சீட்டை மருந்தகத்தின் சுவரில் வைத்து எழுதிக் காட்டினார்.

"இலக்கத்தையெல்லாம் கூட்டிக்கிட்டே போ, ஒரே இலக்கம் ஆகிற வரைக்கும். நம்ம எண்ணுக்கு நாப்பத்தொம்பது. நாலும் ஒம்பதும் பதிமூணு. ஒண்ணும் மூணும் நாலு. ஆக நம்ம எண்ணோட அடையாளம் நாலு. இப்பப் பதிமூணால வகுத்தா ஈவு 63796073, மீதி ரெண்டு. ஈவைக் கூட்டினா அஞ்சு வரும். பதிமூணுக்கு நாலு. அஞ்சு நாலு இருபது, அதாவது ரெண்டு. அதோட மீதி ரெண்டைச் சேர்த்தா நாலு. அடையாளம் சேர்ந்துடுச்சா? சேரலன்னா வகுத்தல் தப்பு."

"சேர்ந்தா சரியா?"

"பெரும்பாலும். ஒம்பதுல ஒரு தடவை தப்பும் தப்பிச்சுக்கும்."

"நீங்க ரெண்டு பேரும் இப்படிப் பார்ப்பீங்களா?"

"அவங்கவங்க பக்கத்தை அவங்கவங்க பார்த்துக்குவோம். அடுத்தவர் நோட்டைச் சோதிக்கிறது மரியாதை இல்லையே."

மரியாதை பார்த்தால் அவள் வேலை நடக்காது. அடுத்த வெள்ளிக்கிழமை ஒரு பென்சிலோடு போய், பன்னிரண்டாவது நோட்டைப் பிரித்து மடியில் வைத்துக்கொண்டாள். முதல் பக்கம் சேரவில்லை. தன் கூட்டல்தான் தப்போ என்று மறுபடி போட்டாள். சேரவில்லை. இரண்டாவதும் சேரவில்லை. இருபது பக்கம் பார்த்ததில் இரண்டுதான் தேறியது. எதிரே வானிலை அம்மா குனிந்து அமைதியாக எழுதிக்கொண்டிருந்தார். பேனா எங்கேயும் தயங்கவில்லை. 

பத்தாவது நோட்டை எடுத்தாள். அது பக்கத்துக்குப் பக்கம் சேர்ந்தது. நாலு, நாலு, நாலு. கடைசிப் பக்கத்துக்கு வந்தாள். வகுக்கும் எண் 7919. ஈவு 104729. மீதி 6. வகுக்கும் எண்ணுக்கு எட்டு, ஈவுக்கு ஐந்து. ஐயெட்டு நாற்பது, அதாவது நாலு. ஆறைச் சேர்த்தால் பத்து, அதாவது ஒன்று. நாலு வரவேண்டிய இடத்தில் ஒன்று.

நூறு பக்கத்தில் இது மட்டும் ஏன்? பக்கத்தை ஜன்னல் வெளிச்சத்துக்குச் சாய்த்துப் பிடித்தாள், காலரைப் பிடிக்கிற மாதிரி. அந்த ஆறின் வட்டம் ஒரு மையில் இருந்தது. மேலே வளைந்த வால் அதைவிடக் கொஞ்சம் கறுத்த மையில் இருந்தது. வட்டம் முதலில் எழுதப்பட்டது. வால் பிறகு முளைத்தது. வாலை எடுத்துவிட்டால் மிஞ்சுவது சைபர்.

சைபர் என்றால் அடையாளம் நாலு. சேர்ந்துவிடுகிறது.

நோட்டை அலமாரியில் வைத்துவிட்டு அன்று ஒன்றும் பேசாமல் வந்தாள். மறுநாள் தொழிற்சாலையில் சாப்பாட்டு நேரத்தில், சட்டைக்குள் வைத்து மடிக்கிற அட்டையின் பின்பக்கம் அந்த வகுத்தலைத் தானே போட்டாள். முப்பது வருஷத்துக்கு அப்புறம் போடுகிற நெடுவகுத்தல். ஒவ்வொரு இலக்கமாகக் கீழே இறக்கினாள். கடைசியில் 71271 நின்றது. 7919-ஐ ஒன்பதால் பெருக்கினாள். 71271. கழித்தால் ஒன்றும் இல்லை. சூப்பர்வைசரிடம் கால்குலேட்டர் வாங்கியும் தட்டிப் பார்த்தாள். 104729, அதற்குப் பின்னால் புள்ளியே இல்லை.

ஆக அந்த எண் பகா எண் இல்லை. இது வானிலை அம்மாவுக்கு ஒரு வருஷத்துக்கு முன்பே தெரியும். தெரிந்தும் வாய் திறக்காமல், எதிரே உட்கார்ந்து பொய்க் கணக்கு எழுதிக்கொண்டிருக்கிறார். இந்த மனுஷன் வாரம் இரண்டு தரம் மடங்காத முட்டியோடு மூன்று மாடி ஏறிப்போய், முடிந்துபோன கணக்கை உண்மையாகப் போட்டுக்கொண்டிருக்கிறார்.

வீட்டில் சொன்னாள். அவருக்கு வந்த கோபத்தை அவள் எதிர்பார்க்கவில்லை.

"உனக்கு எதைப் பார்த்தாலும் ஓட்டைதான். அந்தம்மா முப்பது வருஷம் கணக்குப் போட்டவங்க. நீ அவங்க நோட்டுல குறை கண்டுபிடிக்கிறியா?"

"7919-ஆல வகுத்துப் பாருங்க. இப்பவே."

"பார்க்க மாட்டேன். பார்த்தா அவங்களை நம்பலன்னு ஆகிடும்."

"அவங்களைக் காப்பாத்த இவ்வளவு துடிக்கிறீங்களே, ஏன்?"

கேட்டிருக்கக் கூடாது. அவர் எழுந்து போய்விட்டார். 

புதன்கிழமை, கணக்கு இல்லாத நாள், அவள் தனியாகப் படியேறினாள். வானிலை அம்மா கதவைத் திறந்து அவளைப் பார்த்தார். அவள் கையில் இருந்த சட்டை அட்டையையும் பார்த்தார். வழிவிட்டார்.

அட்டையை மேஜையில் வைத்தாள். "இது என்ன?"

வானிலை அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு வரியாகப் படித்தார். ஒரு இடத்தில் விரலை வைத்து, "இங்க ஒரு சைபர் விட்டுட்டு அப்புறம் சேர்த்திருக்கீங்க" என்றார். பிறகு, "சரியாத்தான் போட்டிருக்கீங்க" என்றார்.

"அந்த ஆறுக்கு வால் வச்சது நீங்கதானே?"

"நான்தான்."

மறுப்பார், சண்டை போடலாம் என்று தயாராக வந்தவளுக்குக் கால் வைத்த இடத்தில் படி இல்லாத மாதிரி இருந்தது.

"அன்னைக்கு மழை" என்றார் வானிலை அம்மா. "உங்க வீட்டுக்காரர் இங்கதான் உட்கார்ந்திருந்தார். எனக்குச் சைபர் வந்துச்சு. மூணு தரம் போட்டேன், மூணு தரமும் சைபர். சொல்ல வாயைத் திறந்தேன். அதுக்குள்ள அவர், 'அம்மா, இந்த வேகத்துல போனா இன்னும் ஒண்ணரை வருஷம்தான்' அப்படின்னார். சந்தோஷமா சொன்னார். எனக்கு வாய் வரல. சொல்லிட்டா அந்த நிமிஷமே கணக்கு முடிஞ்சுடும். அவர் நோட்டை மூடி வச்சுட்டு வணக்கம் சொல்லிட்டுப் போயிடுவார். அப்புறம் இந்த மேஜைக்கு எதிர்ல யார்?" கண்ணாடியைக் கழற்றி வைத்தார். "தப்பா எடுத்துக்காதீங்க. நீங்க நினைச்சு வந்த மாதிரி எதுவும் இல்ல. ஆபீசுல ஒரு ஹால்ல இருபது பேர் கணக்குப் போடுவோம். அந்தச் சத்தத்துலயே முப்பது வருஷம் இருந்துட்டேன். அது இல்லாம இந்த வீட்டுல இருக்க முடியல."

செக்கர் அக்கா நம்பினாளா என்றால், பாதி நம்பினாள். மீதிப் பாதி, இந்தக் குரலில் எங்கேயாவது வால் ஒட்டவைத்திருக்கிறதா என்று தேடிக்கொண்டே இருந்தது. ஆனால் கோபம் அப்படியே இருந்தது.

"உங்களுக்குச் சத்தம் வேணும்னா ரேடியோ வாங்குங்க. அவர் முட்டி உங்களுக்கு என்ன பாவம் பண்ணுச்சு? ஒரு வருஷம் அந்த மனுஷன் பொய்க்காக உழைச்சிருக்கார். வெள்ளிக்கிழமை நீங்களே சொல்லணும். இல்லன்னா நான் அந்த நோட்டை அவர் முன்னால பிரிச்சு வைப்பேன்."

"சொல்றேன்" என்றார் வானிலை அம்மா.

சொல்வார் என்று இவளுக்கு நம்பிக்கை இல்லை. அதனால் வெள்ளிக்கிழமை கணவருக்கு முன்பாகவே போய் உட்கார்ந்துகொண்டாள். அவர் வந்தார், நோட்டைப் பிரித்தார். வானிலை அம்மா பத்தாவது நோட்டின் கடைசிப் பக்கத்தைத் திறந்து அவர் பக்கம் திருப்பி வைத்தார்.

"இது ஆறு இல்ல. சைபர். போன வருஷமே வந்துச்சு. நான் மறைச்சேன். அதுக்கப்புறம் நான் எழுதினது எதுவும் கணக்கு இல்ல."

அவர் மனைவியைப் பார்க்கவில்லை. வெற்றுத் தாளை எடுத்து வகுத்தார். முடித்துச் சைபரைப் போட்டு, அதன் கீழே இரண்டு கோடு இழுத்தார். பேனாவை மூடினார். தன் நோட்டுகள் பதின்மூன்றையும் அலமாரியிலிருந்து எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டு படியிறங்கினார். கைப்பிடியைப் பிடிக்கக் கை இல்லாததால் ஒவ்வொரு படியாக உட்கார்ந்து எழுந்து இறங்கினார். அவள் கை கொடுக்கப் போனபோது வேண்டாம் என்று தலையாட்டினார்.

பிறகு எல்லா நாளும் ஆறு மணிக்கு வீட்டுக்கு வந்தார். அவள் ஜெயித்துவிட்டாள் என்று தங்கச்சி சொன்னாள். ஜெயித்த வீடு மாதிரி அது இல்லை. அவர் வானொலிகூடப் போடவில்லை. அவள் ஏதாவது கேட்டால் பதில் வரும். தானாக ஒன்றும் வராது. தன்மேல் வருத்தமா, அந்த அம்மாள்மேல் வருத்தமா, எண்மேல் வருத்தமா என்று அவளுக்குப் பிடிபடவில்லை. அவருடைய சட்டையைத் துவைக்கும்போதெல்லாம் பையைத் துழாவினாள். ஒன்றுமே இருக்காது. சீட்டு கிடைத்த நாட்களே தேவலை என்று தோன்றியது.

ஐந்தாறு வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, பல் தேய்த்துக்கொண்டிருந்தவர் பிரஷ்ஷோடு சமையலறைக்கு வந்தார்.

"இன்னொண்ணும் பகா எண்தான்" என்றார், வாய் நிறைய நுரையோடு.

"எது இன்னொண்ணு?"

"104729. நம்ம எண் 7919-உம் 104729-உம் பெருக்கினது. அந்தப் பெரியதை எதாவது சின்னது வகுத்தா, அதே சின்னது நம்ம எண்ணையும் வகுத்திருக்கணும். நாங்கதான் 7919-க்குக் கீழ இருக்கிற எல்லாத்தாலயும் வகுத்துட்டோமே! அத்தனையும் நிஜமாப் போட்டது. எதுவும் போகல. அப்படின்னா 104729-ஐயும் எதுவும் வகுக்காது. தனியா ஒரு வகுத்தல்கூடப் போட வேணாம். அந்த முதல் பத்து நோட்டே போதும்." வாயைக் கொப்பளித்துவிட்டு வந்தார். கண் பளபளத்தது. "இந்த எண்ணுக்கு ரெண்டே ரெண்டு துண்டுதான். ரெண்டுமே உடையாது. வேற எப்படியும் பிரிக்க முடியாது. புரியுதா?"

அவளுக்கு முக்கால்வாசி புரிந்தது. "புரியுது" என்றாள். அவர் இன்னும் அங்கேயே நின்றார். தான் சொன்னதற்கு அவள் ஏதாவது திருப்பிச் சொல்வாளா என்று பார்ப்பது தெரிந்தது. சொல்ல அவளிடம் ஒன்றும் இல்லை. அதைக் கேட்டுவிட்டு, "ஆமா, அதோட இதுவும்" என்று தொடரக்கூடிய ஆள் உலகத்தில் ஒரே ஒருத்திதான். அது அவருக்கும் தெரியும், இவளுக்கும் தெரியும்.

"போய்ச் சொல்லிட்டு வாங்க" என்றாள்.

"யார்கிட்ட?"

"யார்கிட்டன்னு உங்களுக்குத் தெரியாதா? சட்டையைப் போடுங்க. நானும் வரேன்."

"நீ எதுக்கு?"

"எதுக்கோ. தனியா விடுவேன்னு நினைச்சீங்களா?"

வானிலை அம்மா கதவைத் திறந்தபோது கொஞ்சம் மெலிந்திருந்தார். மேஜைமேல் ஒன்றும் இல்லை. கணவர் வணக்கம்கூடச் சொல்லாமல் வாசலில் நின்றபடியே எல்லாவற்றையும் ஒப்பித்தார். வானிலை அம்மா கடைசிவரை கேட்டார்.

"எனக்குத் தெரியும்" என்றார். "சைபர் வந்த அன்னைக்குச் சாயங்காலமே தெரிஞ்சுடுச்சு. நீங்க போனதும் இந்த ரூமுக்குள்ளயே சுத்திச் சுத்தி நடந்தேன். அவ்வளவு அழகா இருந்துச்சு. ஆனா யார்கிட்டப் போய்ச் சொல்வேன்? சொன்னா மறைச்சதும் தெரிஞ்சுடுமே."

 "ஒரு வருஷமா உள்ளேயே வச்சிருந்தீங்களா?" என்றார் கணவர். அதில் கோபம் இல்லை, ஆச்சரியம்தான் இருந்தது. வானிலை அம்மா தலையாட்டினார். செக்கர் அக்கா இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். அந்தப் பெண் பட்ட தண்டனை என்னவென்று அப்போதுதான் அவளுக்கு விளங்கியது. மனது சற்று இளகியது. இளகியதே என்று அடுத்த நொடியே எச்சரிக்கையும் ஆனாள்.

கணவருக்கு அந்த அறையில் மறுபடி உட்கார மனம் வரவில்லை. இரண்டு மாதம் ஆயிற்று. அதற்குள் கடைக்கு ஒரு பழைய எடைமெஷின் பெயர்த்தகடு மாற்ற வந்தது. அதன் முதுகில் ஓர் எட்டு இலக்க எண். அதைக் குறித்துக்கொண்டு போய் வானிலை அம்மாவிடம் கொடுத்துவிட்டு, மேஜையைக் கீழே மருந்தகத்தின் பின்னறைக்கு இறக்கினால் வருவதாகச் சொன்னார். மருந்தகக்காரர் ஒத்துக்கொண்டார். மாடிப்படி வேண்டாம் என்றது முட்டிக்காக என்றுதான் வெளியே சொன்னார்.

இப்போது செவ்வாயும் வெள்ளியும் மூன்று நாற்காலி. செக்கர் அக்காவின் முன்னால் ஒரு பெட்டிச் சிவப்பு ஸ்டிக்கர் இருக்கும், தொழிற்சாலையில் கழித்துப் போட்ட ரகம். இரண்டு பேரும் முடித்த பக்கங்களை அவளிடம் தள்ளுவார்கள். அவள் இலக்கங்களைக் கூட்டிச் சரிபார்த்துத் திருப்பித் தருவாள். ஒன்பதில் ஒரு தடவை தப்புத் தப்பிக்கும் என்பதால் பதினொன்றை வைத்துச் சரிபார்க்கும் இன்னொரு முறையும் கற்றுக்கொண்டாள். "வானிலை அம்மாவை இப்ப நம்புறியா?" என்று தங்கச்சி கேட்டதற்கு, "சோதிக்கிறேன். சோதிச்ச பக்கத்தை நம்புறேன்" என்றாள்.

முதல் மாதத்தில் ஒன்பது பக்கத்துக்கு ஸ்டிக்கர் ஒட்டினாள். எட்டு அவள் புருஷனுடையவை. கடன் வாங்கிக் கழிப்பதில் மறதி என்றார் அவர்.

அவள் அந்த எட்டையும், எங்கேயாவது வால் முளைத்திருக்கிறதா என்று மறுபடி ஒரு தடவை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்துவிட்டு, அவரிடமே திருப்பித் தள்ளினாள்.